சம்புக்கேணியில் இறங்கியவர்கள்

“அம்மா, இந்த ஊர் ஒருத்தருக்கும் வேணாமா?” என்று வதனி ஒருமுறை கேட்டாள்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. பெரும்புயல் அடித்துச் சில மாதங்கள்தாம் ஆகியிருந்தன. கட்டைபறிச்சானில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்குப் போவதற்காகத் தாயோடும் தகப்பனோடும் பஸ்ஸில் இருந்தாள். மூதூருக்குப் போகும் மோட்டார்ப் படகான லோஞ்சு அன்று ஓடவில்லை. அதனால் திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்கு வந்து, பஸ்ஸையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றித் துறை கடத்தும் ‘பாதை’யில் ஏறி, தரைவழியே சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் சம்புக்கேணி வந்தது. ஒரு தெரு, ஐந்தாறு கடைகள், ஒரு பள்ளிவாசல், அதற்கு அப்பால் ஒரு பிள்ளையார் கோயில். கடைகளில் பாதிக்குக் கூரை இல்லை. பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் வெறும் வானத்தின் கீழ் மேசையைப் போட்டு வீதியைப் பார்த்தபடி இருந்தார். பஸ் வேகத்தைக் குறைத்தது. ஒருவரும் இறங்கவில்லை. ஒருவரும் ஏறவில்லை. மறுபடியும் வேகம் எடுத்தது. அப்போதுதான் பிள்ளை அப்படிக் கேட்டாள்.

“பேசாம இரு பிள்ளை,” என்றாள் தாய் பத்மாசனி.

ஆனால் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த தவராசாவுக்கு அந்தக் கேள்வி மனத்தில் தைத்துவிட்டது. வீடு திரும்பிய பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். “பிள்ளை கேட்டது சரிதானே. எத்தனைதரம் அந்த வழியால போயிருக்கிறம். ஒருநாள் எண்டாலும் இறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சனாங்களே?”

அப்படித்தான் அந்தக் கூட்டம் தொடங்கியது. தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரக்கூடியவர்கள் காலையில் பஸ் நிலையத்துக்கு வருவார்கள். எவரும் எட்டிப் பார்க்காத ஒரு சின்ன ஊரைத் தேர்ந்து அங்கே போவார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. வெறும் பையோடு போகவேண்டும். அந்த ஊர்க் கடையில் சாப்பிட்டு, வீட்டுக்கு வேண்டிய புளியையும் தேங்காயையும் கருவாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வரவேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் வீரசிங்கம் அங்கே தலைமயிர் வெட்டிக்கொள்வார். அவர் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்பவர். பெரிய உடம்பு, பெரிய குரல்.

“புயலுக்குப் பிறகு ஆரும் தலையை வெட்ட வரேல்லையாம். பாவம், அந்தச் சலூன்கார மனுசனும் சீவிக்கத்தானே வேணும்,” என்பார்.

“அண்ணன், இன்னும் ரெண்டு ஊர் போனா உங்கட தலையில வெட்டுறதுக்கு ஒண்டும் மிஞ்சாது,” என்பான் ஸுஹைர். நகரத்தில் சிறியதொரு புடவைக் கடை வைத்திருந்த இளைஞன் அவன்.

முதலில் ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய பக்கத்து ஊர்களுக்குப் போனார்கள். சம்புக்கேணியின் முறை மார்கழியில் வந்தது. புயல் அடித்து ஒரு வருடம் ஆகும் நாட்கள்.

அன்று அவர்கள் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் ஆகிவிட்டதால் ஸுஹைர் பள்ளிவாசலுக்குப் போனான். மற்றவர்கள் நனைந்தபடி சாப்பாட்டுக் கடை தேடினார்கள். தெருவின் கடைசியில் புதிதாகக் கிடுகு வேய்ந்த ஒரு பந்தல் தெரிந்தது. புகை எழும்பியது. பெரிய பெரிய பானைகள் இருந்தன. உள்ளே ஆண்கள் பாயில் வரிசையாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இந்தா கிடக்குது கடை!” என்று வீரசிங்கம் உள்ளே நுழைந்து பாயில் இருந்துவிட்டார். மற்றவர்களும் இருந்தார்கள். பெண்களுக்கு ஒரு கிழவர் தனியாக ஓரத்தில் பாய் விரித்துக் கொடுத்தார். சோறும் மீன்கறியும் பூசணிக்காய்ப் பாற்கறியும் வந்தன. மழையில் நனைந்த பசிக்கு அமிர்தமாக இருந்தன.

“தம்பி, இஞ்ச கொஞ்சம் குழம்பு விடும். மீன் துண்டு பெரிசாப் பாத்துப் போடும்,” என்றார் வீரசிங்கம். பரிமாறியவன் ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு இருந்ததில் பெரிய துண்டைப் போட்டான். “நல்ல கைப்பக்குவம். ஆனா கடைக்கு ஒரு பேர்ப் பலகை இல்லையே. எழுதிப் போட்டாத்தானே வெளியூராக்களுக்குத் தெரியும்?”

பந்தலில் இருந்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். கைகழுவி வந்த தவராசா, “எங்கள் எல்லாருக்குமாச் சேர்த்து எவ்வளவு?” என்று கேட்டார்.

கிழவர் பந்தலை ஒட்டிய வீட்டுப் பக்கம் திரும்பினார். கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. “சல்லி வேணாம். இண்டைக்கு எண்ட மாப்பிளைட வருசக் கத்தம். சாப்பிட்டீங்களே, அது போதும்.”

இறந்தவருக்காக ஓதி, ஊருக்குச் சோறு கொடுக்கும் வீட்டில், கடை என்று நினைத்துக் கறி கேட்டிருக்கிறார்கள். தவராசாவின் கை சட்டைப் பையிலேயே நின்றுவிட்டது. வீரசிங்கத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தொழுகை முடிந்து வந்த ஸுஹைர் வாசலில் நின்று விசயத்தை விளங்கிக்கொண்டான்.

“யா அல்லாஹ்! கத்தம் வீட்டுக்குள்ள போயா கணக்குக் கேட்டீங்க?” என்று தொடங்கிச் சிரிக்கப் போனவன், கதவடியில் நின்ற சிறுமியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்க உள்ளே போனவள் பத்மாசனி. அந்தப் பெண்ணின் பெயர் நஜ்முன் நிஸா. முப்பது வயதுக்கு மேல் இராது. புயல் அன்று மாடுகளை அவிழ்த்துவிடப் போன புருஷன் மரம் விழுந்து வயலிலேயே கிடந்தான். மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள்.

“மவுத்தாகும்போது அவருக்கு ஒரு மிடறு தண்ணி குடுக்கவும் ஒருத்தர் பக்கத்தில இல்ல அக்கா,” என்றாள் அவள். “இண்டைக்கு இந்த மழைக்குள்ள, கூப்பிடாமலே, அறியாத ஆக்கள் வந்து அவர்ட பேரில வயிறாரத் திண்டீங்க. கேட்டு வாங்கித் திண்டீங்க. அல்லாஹ் அனுப்பாம வருவீங்களா? இனி இந்த ஊருக்கு வந்தா எண்ட வீட்டதான் சோறு. கடையில திண்டீங்க எண்டு கேள்விப்பட்டா நான் கதைக்கமாட்டன்.”

அவள் அதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதம் நோன்பு என்பதால் போகவில்லை. அதற்கடுத்த மாதம் அவர்கள் போனபோது பஸ் நிற்கும் இடத்தில் அவளுடைய மகள் றம்ஸியா காத்து நின்றாள். “உம்மா உலை வெச்சிட்டா. வரட்டாம்.”

அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை போய், நிலவைக் கணக்கிட்டு வரும் போயா நாள் விடுமுறை வந்தது. கூட்டமும் பௌர்ணமிப் போயாவுக்கு மாறியது. மற்ற ஊர்களை விட்டுவிட்டு மாதந்தோறும் சம்புக்கேணிக்கே போனார்கள். ஊருக்கும் நன்மைதான். பலசரக்குக் கடைக்குத் தகரம் ஏறியது. தயிர்க்காரி போயாவுக்கென்று கூடுதலாகச் சட்டிகள் உறைய வைத்தாள். நகரத்தில் ‘சோத்துப் பார்சல் இல்லாத பிக்னிக்’ என்று கேலி பேசியவர்களில் சிலரும் வந்து சேர்ந்தார்கள். ஏழெட்டுப் பேர் பத்துப் பன்னிரண்டு பேரானார்கள். அத்தனை பேரும் மத்தியானம் நஜ்முன் நிஸாவின் பந்தலில்தான் சாப்பிட்டார்கள்.

அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தவராசா ஒருமுறை அரிசி கொண்டுபோனார். புறப்படும்போது அது அவருடைய பைக்குள்ளேயே திரும்பி வந்திருந்தது. ஸுஹைர் கொண்டுபோன சேலையை அடுத்த மாதம் வேறொருத்தி உடுத்தியிருந்தாள். றம்ஸியாவுக்கு இனிப்பு மட்டும் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் ஏலாது.

“வசதி இருக்கிற வீடுபோலத்தான் கிடக்குது. மூலையில நெல்மூடை நிக்குதுதானே,” என்றார் வீரசிங்கம். அவர்கள் அத்தோடு சமாதானம் அடைந்தார்கள். உதவி செய்யப் போகிறவன் தன் கையைப் பார்த்துக்கொண்டே போகிறான். எதிரே நீளும் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க மறந்துபோகிறான். நல்லவர்களுக்கும் இந்த மறதி வருகிறது.

அந்த வீட்டில் ஒரே ஒரு கவலை இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. அவள் செய்த வயல் சொந்த வயல் அல்ல. நிலச்சொந்தக்காரரான போடியாருடையது, விளைச்சலில் அவருக்குப் பங்கு கொடுக்கும் குத்தகை. புயல் வருடத்துப் பயிர் அழிந்தது. அடுத்த வருடம் தம்பியைக் கொண்டு விதைத்தும் அரை விளைச்சல்தான்.

“போடியார் முடிவாச் சொல்லிட்டாரு அக்கா. வாற மாரிக்கு முழு வயலும் விதைக்காட்டி வேற ஆளுக்குக் குடுக்கப் போறாராம்,” என்றாள் ஒருநாள். “குடுத்தா நான் என்ன செய்ய? எண்ட மாப்பிளை கிடந்த இடம் அது. அந்த வரப்பில அவர்ட கால் படாத இடம் இல்ல. வேற ஒருத்தன் மாடு கட்டி உழுறத நான் பாத்துக்கிட்டிருக்க ஏலாது.”

“விதைநெல் இருக்கோ தங்கச்சி?”

“ஓ, இருக்கு. சீனட்டி நெல்லு. தம்பி வந்து உழுது தருவான். மழை பெஞ்சாச் சரி.”

ஆவணிப் போயா அன்று பத்மாசனி கொஞ்சம் முன்னதாகவே நஜ்முன் நிஸாவின் குசினிக்குள் போனாள். “இண்டைக்கு நான் அரிசி புடைச்சுத் தாறன்,” என்று சுளகைக் கையில் எடுத்தாள். அன்று காலையில் குத்திய அரிசி. உமி பறந்தபோது சுளகின் ஓரத்தில் காய்ந்து சருகான ஒரு வேப்பிலை நின்றது. கையில் எடுத்தாள். இன்னொன்றும் இருந்தது.

பத்மாசனி வயல்காரனின் மகள். சாப்பாட்டு நெல்லுக்கு ஒருவரும் வேப்பிலை போடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பூச்சி விழாமல் மாரிவரை காக்கவேண்டிய விதைநெல்லுக்குத்தான் போடுவார்கள். அவள் மூலையைப் பார்த்தாள். முன்பு இடுப்பளவு நிமிர்ந்து நின்ற மூடை, இப்போது வாய் மடிந்து சுவரில் சாய்ந்து கிடந்தது.

நிமிர்ந்தபோது நஜ்முன் நிஸா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தங்கச்சி, இந்த அரிசி...”

“அரிசிக்கென்ன? கல்லுக் கிடக்கா?”

“கல்லில்ல.”

“பின்ன புடைங்க. உலை கொதிக்குது.” இலைகளை அவள் கையிலிருந்து வாங்கி அடுப்புக்குள் போட்டாள். சிறிது நேரம் தணலைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “வீரசிங்கம் அண்ணன் இண்டைக்கு மொட்டையாத்தான் வருவாரு. தயிர் எடுத்து வெச்சிருக்கன், தலைக்கும் பூசலாம்.”

அன்று பத்மாசனி தன் தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். மிச்சம் வைத்தால் நஜ்முன் நிஸா அறிந்துகொள்வாள். இரண்டாம் முறையும் சோறு போட வந்தபோது தட்டை நீட்டினாள்.

பின்னேரம் பாதை துறையை விட்டு நகர்ந்த பிறகுதான் சொன்னாள். தவராசாவும் வீரசிங்கமும் ஸுஹைரும் பக்கத்தில் நின்றார்கள். வீரசிங்கம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நான் கேட்டுக் கேட்டுத் திண்டனான்,” என்றார். “அவளின்ர வீட்டில பெரிய துண்டு கேட்டனான்.”

“நாளைக்கே ஒரு மூடை விதைநெல் வாங்கிக்கொண்டு போவம்,” என்றார் தவராசா. “எல்லாரும் சேர்ந்து போய்க் குடுப்பம்.”

ஸுஹைர் தலையை அசைத்தான். “ஏலாது அண்ணன். கத்தத்துச் சோத்துக்கு விலை கொண்டு வந்தீங்களா எண்டுதான் கேட்பா. அந்த மனுசன்ட பேரில செஞ்ச தர்மத்த நாங்க விலைக்கு வாங்கின மாதிரிப் போயிரும். வாசலிலயே வெச்சுத் திருப்பி அனுப்பிருவா. அதோட ஊருக்கும் தெரியவரும், அவட வீட்டில விதைநெல் இல்லை எண்டு. போடியார்ட காதுக்குப் போக எவ்வளவு நேரம்?”

“அப்ப என்ன செய்யிறது?”

“போகாம விடுறதுதான். நாங்க போனா அவ உலை வைப்பா.”

அந்த ஊருக்கு ஆட்கள் போகவேண்டும் என்று தொடங்கியவர்கள், அந்த ஊருக்கு இனிப் போகக்கூடாது என்று தண்ணீரின் நடுவில் நின்று முடிவெடுத்தார்கள். ஒருவருக்கும் கோபம் இல்லை. கோபப்பட யாராவது இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த போயாவுக்குப் புல்மோட்டைப் பக்கம் போனார்கள். வீரசிங்கம் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். போனவர்களும் கடையில் சாப்பிட்டார்கள், கருவாடு வாங்கினார்கள், நேரத்தோடு திரும்பினார்கள்.

சில நாட்களில், குறிஞ்சாக்கேணியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்த ஸுஹைர் தவராசாவின் வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை. கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னான்.

“சம்புக்கேணி ஆள் ஒருத்தரக் கண்டன். நஜ்முன் நிஸா சொல்லி அனுப்பியிருக்கா. போயாவுக்கு உலை வெச்சுப்போட்டு, கடைசி பஸ் போகும்வரைக்கும் அந்தப் பிள்ளை ரோட்டில நிண்டதாம். சோத்தப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வெச்சாவாம். ‘நான் ஏதும் பிழை செஞ்சிட்டனா, நான் ஆக்கின சோறு ஒத்துக்கொள்ளலையா எண்டு கேட்டுச் சொல்லுங்க’ எண்டாவாம்.”

தவராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீ என்ன சொன்னாய்?”

“எல்லாருக்கும் வேலை, இனி வர ஏலாதெண்டு சொல்லச் சொன்னன். வேற என்னத்தச் சொல்ல?”

பத்மாசனி குசினிக்குள் போய் நின்றாள். தாங்கள் போனாலும் அந்த நெல் குறைகிறது, போகாவிட்டாலும் குறைகிறது. இப்போது அதோடு நஜ்முன் நிஸாவின் மனமும் குறைந்துபோயிற்று. புரட்டாதி பாதி கழிந்திருந்தது. கொட்டியாரக் குடாவின் மேல் காலையில் முகில் கட்டி மத்தியானம் கலைந்தது. இன்னும் கொஞ்ச நாளில் கலையாமல் நிற்கும்.

மறுநாள் அவள் லோஞ்சு ஏறி மூதூருக்குப் போனாள். அங்கிருந்து கட்டைபறிச்சானுக்கு நடந்தாள். தாய் வழியில் வந்த வயலுக்காக வருடந்தோறும் அவளுக்கு ஒரு பங்கு அரிசி வரும். அவளுடைய வீட்டில் நகரத்துக் கடையரிசி சமைப்பதில்லை. ஊரரிசியின் மணம் இல்லாவிட்டால் தவராசாவுக்குச் சோறு இறங்காது.

“அண்ணை, இந்த வருசம் எனக்கு அரிசி வேண்டாம்,” என்றாள் தமையன் தங்கத்துரையிடம். “என்ர பங்குக்குச் சீனட்டி விதைநெல்லாத் தாங்கோ. நல்ல முளைப்பு உள்ளதாப் பாத்து.”

“என்னடி இது? கச்சேரிக் கிளாக்கர் கோட்டைக் கழட்டிப்போட்டு வயலுக்க இறங்கப் போறாரோ?” என்று அவர் சிரித்தார்.

“ஓம், அப்பிடித்தான் வையுங்கோவன்.”

“அப்ப கடையரிசிச் சோத்தையோ திண்ணப் போறியள்?”

“திண்டாச் செத்துப்போவமே?”

தங்கத்துரை அவளுடைய முகத்தைப் பார்த்தார். நெல்லைக் கையில் அள்ளி ஊதிப் பார்த்து, பதர் இல்லாமல் இரண்டு பெரிய பனையோலைக் கடகங்களில் நிறைத்துக் கொடுத்தார். மேலே தேங்காய்களை அடுக்கிச் சேலைத் துண்டால் மூடிக் கட்டினார். கிண்ணியாப் பக்கம் போகும் பஸ்ஸில் தானே ஏற்றியும் விட்டார்.

சம்புக்கேணியில் அவள் இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். கடைகள் பாதி சாத்தியிருந்தன. மாரிக்கு முன் வரப்புச் செதுக்கும் காலம் என்பதால் அந்த வீட்டில் ஆள் இராது என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள். ஒரு கடகத்தை, பஸ் நிற்கும் இடத்தில் இருந்த இலுப்பை மரத்தின் பின்னால் வைத்துவிட்டு மற்றதைத் தலையில் தூக்கிக்கொண்டாள். இப்படிச் சுமை தூக்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கழுத்து வலித்தது.

வாசற்படலைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனாள். குசினிச் சுவரோரம் பீங்கான் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தாய்க்கும் மகளுக்கும் இரண்டு தட்டுப் போதும். அங்கே ஒரு பந்திக்கு வேண்டிய தட்டுகள் இருந்தன. தூசி இல்லாமல் துடைத்திருந்தார்கள். பத்மாசனி அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ‘உன்னில ஒரு பிழையும் இல்லை தங்கச்சி’ என்பதை அந்தத் தட்டுகளைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பது எத்தனை கொடியது என்று நினைத்தாள்.

மூடையின் வாயைப் பிரித்தாள். கால்வாசிதான் இருந்தது. முழு வயலுக்கு அது காணாது. தேங்காய்களை இறக்கி வைத்துக் கடகத்தைச் சரித்தாள். நெல் மெல்லிய இரைச்சலோடு இறங்கியது. போய் மற்றதையும் எடுத்துவந்து கொட்டினாள். பிறகு முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து மேலாகக் கலந்தாள். திறந்து பார்த்தால் நஜ்முன் நிஸாவுக்குத் தெரியத்தான் போகிறது. யார் என்றும் தெரியலாம். ஆனால் சீனட்டியோடு கலந்த சீனட்டியை எவராலும் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்ப ஏலாது. மணி மணியாகக் கலந்தாள். நெற்றி வியர்வை மூடைக்குள் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

மூடை மறுபடி இடுப்பளவு நிமிர்ந்தது. வாயைச் சேர்த்துச் சுருக்கிட்டுக் கட்டினாள். தேங்காய்களை அங்கே வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அது கொடையாகிவிடும். வைக்கவில்லை. நிலத்தில் சிந்திய நெல்லைக் குனிந்து பொறுக்கினாள். அதையும் மூடையின் மடிப்புக்குள் இட்டாள். குடத்தில் தண்ணீர் இருந்தது. தாகம் தொண்டையை வறட்டியது. அதையும் குடிக்கவில்லை.

தேங்காய்களை ஒரே கடகத்தில் அடுக்கினாள். வாசலில் நின்று, தான் நம்பும் பிள்ளையாரிடமும் நஜ்முன் நிஸா நம்பும் அல்லாஹ்விடமும் மழை வேண்டிக்கொண்டாள். படலைச் சாத்திக் கயிற்றைக் கட்டிவிட்டு, வீதியில் ஆள் நடமாட்டம் இல்லை என்று பார்த்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.